மலைக்கு அடியில ஒரு பங்காளிச் சண்டை: குள்ளர் ராஜ்ஜிய உள்நாட்டுப் போர் நாவல் எழுத முழு வழிகாட்டி

முந்நூறு பக்கம் எழுதி முடிச்சிட்டு ஒரு ஃப்ரெண்டுகிட்ட படிக்கக் குடுத்தேன். மலைக்கடியில குள்ளர்கள், ரெண்டு இளவரசர்கள், தாடி, கோடாலி, துரோகம், எல்லாம் இருந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு அவன் கேட்டது ஒரே கேள்விதான். "எல்லாம் சரிடா, இவனுங்க எதுக்கு அடிச்சிக்கிறானுங்க? அவ்ளோ பெரிய மலை, ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

பதில் இல்ல. உண்மையிலேயே பதில் இல்ல. சிம்மாசனத்துக்காகன்னு இழுத்தேன், அவன் சிரிச்சிட்டான்.

அந்த டிராஃப்டை தூக்கிப் போட்டுட்டு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சப்ப கத்துக்கிட்டதைத்தான் இங்க படிப்படியா எழுதறேன். நம்ம ஊர்ல பங்காளிச் சண்டைய பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். நிலத்தைப் பிரிச்சிடலாம், வீட்டை நடுவுல சுவர் வெச்சுப் பிரிச்சிடலாம், நகையை எடை போட்டுப் பிரிச்சிடலாம். கிணத்தை எப்படி பிரிப்பீங்க? வெட்டுக்குத்து அங்கதான் வரும். மலைக்கு அடியில நடக்குற உள்நாட்டுப் போரும் அதேதான், பிரிக்க முடியாத ஒரு பொருளை முதல்ல கண்டுபிடிங்க, மத்ததெல்லாம் அதுலேர்ந்து தானா வரும்.

படி 1: இவங்களை என்னன்னு கூப்பிடப் போறீங்க

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா தமிழ்ல எழுதறவங்களுக்கு முதல் தலைவலியே இதுதான். "குள்ளன்"ங்கிறது நம்ம பள்ளிக்கூடத்துல உயரம் கம்மியான பையனை கேலி பண்ற வார்த்தை, அதை 400 பக்கம் பெருமையா சொல்ல முடியாது. "சித்திரக்குள்ளன்"னா சின்னப் பசங்க கதை வாசனை அடிக்கும். பழைய இலக்கியத்துல குட்டையான ஆளுக்கு "குறள்"னே சொல்லு உண்டு, அதுலேர்ந்து "குறளர்"னு ஒண்ணு செஞ்சு பாத்தேன், படிச்சவங்க எல்லாரும் 1330 பாட்டு எங்கன்னு கேட்டாங்க. "மலையகத்தார்"னு வெக்கலாம்னு தோணும், வேண்டாம், அது இலங்கை தேயிலைத் தோட்டத் தமிழர்களோட பேரு, உயிரோட இருக்குற ஒரு சமூகம்.

நான் கடைசில பண்ணினது இதுதான். வெளியாளுங்க அவங்களை குள்ளர்னு சொல்லுவாங்க, அவங்க தங்களை "கல்லகத்தார்"னு சொல்லிப்பாங்க. யாரு எந்த வார்த்தைய சொல்றாங்கன்னு பாத்தே அந்த ஆள் எந்தப் பக்கம்னு வாசகருக்குத் தெரிஞ்சிடும். போர் முத்துனப்புறம் ஒரு கல்லகத்தான் இன்னொருத்தனை "குள்ளா"ன்னு சொல்ற ஒரு சீன் வருது, அங்க ரத்தமே தேவையில்ல.

நம்ம மரபுலயே தேடினா சரக்கு நிறைய இருக்கு. புதையலுக்குக் காவல் நிக்கிற குபேரனோட யட்சர்கள், கோயில் தூண்லயும் கூரை ஓரத்துலயும் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிற குறும்பூதங்கள், நடராஜர் காலடில முயலகன். இதெல்லாம் இந்தக் கதைக்குள்ள அப்படியே திணிக்கச் சொல்லல, ஒரு குட்டை உருவத்தை நம்ம ஆளுங்க எப்படி கல்லுல செதுக்கினாங்கன்னு ஒருதடவை கிட்டப் போய்ப் பாருங்க, வர்ணனைக்கு உதவும்.

மேற்கத்திய மூலம் எதுன்னா, நார்ஸ் புராணம், அதாவது பழைய வட ஐரோப்பியக் கதைகள். ஆகாயத்தோட நாலு மூலையையும் தாங்குறது நாலு குள்ளர்கள், வடக்கு தெற்கு கிழக்கு மேற்குன்னுதான் அவங்க பேரே. இன்னும் முக்கியமான ஒண்ணு இருக்கு. இவால்டிங்கிற குள்ளனோட பசங்க ஒரு பக்கம், ப்ரோக்கும் அவன் அண்ணன் தம்பியும் இன்னொரு பக்கம், யாரு செஞ்ச பொருள் ஒசத்தின்னு லோகிங்கிற குறும்புக்கார சாமி பந்தயம் கட்டி மூட்டி விடுவான். இடி சாமி தோர் கையில இருக்குற சுத்தியல் அந்தப் போட்டில பொறந்ததுதான், துருத்தி ஊதறப்ப ஈ கடிச்சதால அதுக்குக் கைப்பிடி குட்டையாப் போச்சு. ரெண்டு கொல்லர் குடும்பம், நடுவுல தூண்டி விடுற வெளியாள்னு சண்டைக்கான விதை அங்கயே கெடக்கு.

படி 2: மேப் போடாதீங்க, மலையை குறுக்க வெட்டி வரைங்க

ஃபேன்டஸி எழுதற எல்லாரும் முதல்ல மேலேர்ந்து பாக்குற மேப் போடுவாங்க, நானும் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. மலைக்கு அடியில வாழ்றவங்களுக்கு கிழக்கு மேற்கை விட மேல கீழதான் முக்கியம். பப்பாளிப் பழத்தை நடுவுல வெட்டின மாதிரி மலையை வெட்டி, எந்த மட்டத்துல யார் இருக்காங்கன்னு வரைங்க. அதுல மூணு விஷயத்தைக் குறிங்க: சூடு, தண்ணி, காத்து.

சூடு. ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்க இறங்க பாறை சுமாரா 25லேர்ந்து 30 டிகிரி கூடும் (இடத்துக்கு இடம் மாறும்). கோலார் தங்கவயல்ல சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், அடியில பாறையோட சூடு 60 டிகிரிக்கும் மேல, குளிர்ந்த காத்தை உள்ள அனுப்பாம மனுஷன் வேலை செய்ய முடியாது. அங்க இறங்கின தொழிலாளிங்கள்ல பெரும்பகுதி தமிழ்நாட்டுலேர்ந்து போனவங்க. 2001ல மூடுற வரைக்கும் பாறை திடீர்னு அழுத்தம் தாங்காம வெடிச்சு சிதறுறது அங்க தீராத பயம். உங்க ராஜ்ஜியம் "அளவில்லா ஆழம்"னு ஒரு வரில எழுதிடாதீங்க, அங்க எவனும் சட்டை போட்டுக்கிட்டு இருக்க முடியாது, இரும்புக் கவசத்தைப் பத்தி பேச்சே வேணாம். 300 மீட்டர் போதும். போலந்துல வியலிச்கா உப்புச் சுரங்கம் 327 மீட்டர்தான், ஒன்பது மட்டம், அதுக்குள்ள 101 மீட்டர் ஆழத்துல உப்பையே செதுக்கி ஒரு முழு தேவாலயம், சரவிளக்குல தொங்குறது கூட உப்புப் பளிங்கு. இதை விட பிரம்மாண்டமா கற்பனை பண்ணனும்னு அவசியம் இல்ல.

தண்ணி. எந்தச் சுரங்கத்துக்கும் முதல் எதிரி தண்ணிதான், பாறை இடுக்குலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கும், ராத்திரி பகல் இறைக்கணும். 1556ல அச்சான, ஜெர்மன் அறிஞர் ஜார்ஜ் அக்ரிகோலாவோட சுரங்கப் புத்தகத்துல தண்ணி இறைக்கிற மிஷினுங்களுக்கு நிறைய படம் இருக்கு. ஓடையைத் திருப்பி மலைக்குள்ள விட்டு, அந்தத் தண்ணி விழுற வேகத்துல பெரிய மரச்சக்கரம் சுத்தி, அது ஆழத்துல தேங்குற தண்ணிய மேல தூக்கி, ரெண்டும் சேந்து பள்ளத்தாக்குப் பக்கம் வெட்டின வடிகால் சுரங்கம் வழியா வெளிய போயிடும்.

இங்கதான் எனக்கு பொறி தட்டுச்சு. ஓடை உள்ள வர்ற மடை மலையோட மேல் பக்கம், காப்பாத்த வேண்டிய குழிகள் கீழ் பக்கம். மடையை அடைச்சா சக்கரம் நிக்கும், சக்கரம் நின்னா சில நாள்லயே கீழ்மட்டம் மூழ்க ஆரம்பிக்கும். என் நாவல்ல "மேல்வீடு" மடையையும் பெரிய வாசலையும் வெச்சிருக்கு, "கீழ்வீடு" தாதுவையும் வடிகாலையும் வெச்சிருக்கு. கீழ்வீடு தாது அனுப்பலைன்னா மேல்வீட்டு உலை அவிஞ்சிடும், வெளிய விக்க ஒண்ணும் இருக்காது, தானியம் வராது. ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டுப் போக முடியாது. சக்கரம் ஒண்ணுதான் இருக்கு. ஃப்ரெண்டோட கேள்விக்குப் பதில் கிடைச்சது அன்னைக்குத்தான்.

காத்து. இது கொஞ்சம் நுணுக்கம், பொறுமையா படிங்க, ஏன்னா மொத்த போரோட காலண்டரே இதுல இருக்கு. ரெண்டு வாசல் இருக்குற சுரங்கத்துல, ஒண்ணு ஒசரத்துல இன்னொண்ணு தாழ்வா இருந்தா, காத்து தானா ஓடும். குளிர்காலத்துல உள்ள இருக்குற காத்து வெளிய விட சூடு, அதனால மேல எழும்பி மேல்வாசல் வழியா போகும், கீழ்வாசல் வழியா புதுக்காத்து வரும். கோடையில இது அப்படியே தலைகீழ், உள்காத்து குளிர்ச்சி, கனமா இருக்கும், கீழ இறங்கி கீழ்வாசல்ல வெளிய போகும். அப்ப என்ன ஆகுது? குளிர்காலத்துல கீழ்வீட்டுக்காரன் புகை போட்டா மேல்வீடு மூச்சு முட்டும், கோடையில மேல்வீட்டுக்காரன் போட்டா கீழ்வீடு. ரெண்டு பருவமும் மாறுற அந்த நாலஞ்சு நாள் காத்து ரெண்டு பக்கமும் போகாம அப்படியே நிக்கும், அப்ப எவன் நெருப்பு வெச்சாலும் அவனுக்கே ஆபத்து. பேச்சுவார்த்தை சீன் எப்ப வைக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன.

படி 3: சோறு யாரு போடுறா

"காளான் வளத்து சாப்பிடுவாங்க"ன்னு எழுதிட்டு நகர்ந்துடுறாங்க எல்லாரும். கணக்குப் போட்டுப் பாருங்க, 100 கிராம் பச்சைக் காளான்ல 20லேர்ந்து 30 கலோரிதான், ஒரு நாளைக்கு 2000 கலோரி வேணும்னா ஒரு ஆள் ஏழுலேர்ந்து பத்து கிலோ காளான் திங்கணும். சம்மட்டி அடிக்கிறவனுக்கு அதுவும் பத்தாது. அதோட காளான் ஒண்ணும் காத்துலேர்ந்து வளராது, அதுக்கு சாணம், வைக்கோல், மக்கு வேணும். பாரீஸ்ல 19ஆம் நூற்றாண்டுல பழைய கல்குவாரிச் சுரங்கத்துக்குள்ள காளான் வளத்தாங்க, குதிரைச் சாணம் மேலேர்ந்துதான் வந்துச்சு. காளான் தொட்டுக்க, சோறு வெளியிலேர்ந்துதான்.

மரமும் அப்படித்தான். பழைய முறைல கரிமூட்டம் போட்டா அஞ்சாறு கிலோ மரத்துக்கு ஒரு கிலோ கரி கிடைக்கும், ஒரு கிலோ நல்ல இரும்பு வர்றதுக்கு பல கிலோ கரி எரியும். பாறையை உடைக்கிறதுக்கே நெருப்பு வேணும், பாறை முகப்புல கட்டை அடுக்கி எரிச்சு சூட்டுல விரிசல் விட வைக்கிறதுதான் வெடிமருந்து வர்ற வரைக்கும் பெரிய வழி, சுரங்கத்துல வெடிமருந்து வெச்சதா பதிவாகுற முதல் சம்பவமே 1627ல இன்னைக்கு ஸ்லோவாக்கியாவுல இருக்குற பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சாவுல. ஆக உங்க குள்ளர் ராஜ்ஜியம் காட்டை நம்பி இருக்கு. காட்டு ஓரத்து மனுஷங்க யாருக்கு மரம் விக்கிறாங்களோ அவங்க கை ஓங்கும். அந்த மனுஷக் கிராமத்துல ஒரு விறகு வியாபாரிய கேரக்டராப் போடுங்க, ரெண்டு வீட்டுக்கும் விப்பான், சண்டை நீடிக்கணும்னு வேண்டிக்குவான்.

படி 4: வாரிசுக் குழப்பத்தை சட்டத்துலேர்ந்து கொண்டு வாங்க

கெட்ட தம்பி, நல்ல அண்ணன் கதை வேண்டாம். அதை எழுதித்தான் என் முதல் டிராஃப்ட் செத்துச்சு. சட்டமே ரெண்டு அர்த்தம் தர்ற மாதிரி இருந்தா ரெண்டு பேருமே நல்லவனா இருந்துக்கிட்டே அடிச்சிக்கலாம்.

இதுக்கு நான் படிச்சதுலயே சிறந்த உதாரணம் நார்வே. 1130லேர்ந்து 1240 வரைக்கும், நூத்திப்பத்து வருஷம், விட்டு விட்டு உள்நாட்டுப் போர். காரணம், ராஜாவுக்குப் பொறந்த எந்த மகனும், தாலி கட்டின பொண்டாட்டிக்குப் பொறந்தாலும் இல்லைன்னாலும், ராஜா ஆக உரிமை உண்டு. ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஆளுறதும் உண்டு. அயர்லாந்துப் பக்கத்துலேர்ந்து ஹரால்ட் கில்லேன்னு ஒருத்தன் வந்து, நான் பழைய ராஜாவோட மகன்னு சொன்னான். சரி நிரூபின்னு சொல்லி, பழுக்கக் காய்ச்சின ஒன்பது ஏர்க் கொழு மேல வெறுங்காலோட நடக்க விட்டாங்க, நடந்தான், கால் வெந்துபோகலைன்னு தீர்ப்பு. ஆனா ஒரு கண்டிஷன், இப்ப இருக்குற ராஜா சிகுர்தும் அவர் மகன் மாக்னுஸும் உயிரோட இருக்குற வரைக்கும் சிம்மாசனம் கேக்கக் கூடாது. சிகுர்த் 1130ல போனதும் கேட்டான். அஞ்சே வருஷம், மாக்னுஸைப் பிடிச்சு கண்ணைக் குருடாக்கி மடத்துல போட்டான், அடுத்த வருஷமே ஹரால்டையும் கொன்னாங்க, கொன்னவன் யாரு, நானும் ராஜா மகன்தான்னு வந்த இன்னொருத்தன்.

இதை கொல்லர் சமூகத்துக்கு மாத்திப் பாருங்க. நெருப்புல நடக்குறது அவங்களுக்கு தினப்படி வேலை. அங்க வம்சத்தை நிரூபிக்க வேற சோதனை வேணும். என் நாவல்ல அது காய்ச்சின இரும்பைத் தொட்டு அதோட நிறத்தை கண்ணைக் கட்டிக்கிட்டு சொல்றது, கை வெந்தாலும் சரியா சொல்லணும். ஒருத்தன் சரியாத்தான் சொல்வான், ஆனா அவனுக்கு முன்னாடியே யாரோ சொல்லிக் குடுத்தாங்களான்னு கடைசி வரைக்கும் நான் எழுத்துல சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

நார்வே கதையில இன்னும் ரெண்டு விஷயம் திருடலாம். ஒண்ணு, கட்சிகளோட பேரு. துணி வாங்கக் காசில்லாம கால்ல பிர்ச் மரப்பட்டையைச் சுத்திக்கிட்டவங்கன்னு எதிரிங்க கேலியா வெச்ச பேரு "பிர்க்கபெய்னர்", அதையே அவங்க பெருமையா எடுத்துக்கிட்டாங்க. எதிர்க்கட்சி "பாக்லர்", பிஷப்போட கோலைக் குறிக்கிற சொல்லுலேர்ந்து வந்தது. கட்சிப் பேரு இப்படித்தான் வைக்கணும், "ஒளியின் படை" "இருளின் படை"ன்னு வெச்சா சீரியல் ஆயிடும். ரெண்டாவது, வெளிநாட்டு ராஜா. டென்மார்க் ராஜா வால்டமர் ஒரு தரப்புக்குத் துணைக்கு வந்தார், சும்மாவா வந்தார், பதிலுக்கு ஓஸ்லோ பக்கத்துக் கடலோரப் பகுதிய கேட்டுக்கிட்டு வந்தார். பங்காளிங்க அடிச்சிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ரெண்டடி தள்ளி நடுவான்ல, அதே கதை.

படி 5: ராஜா சண்டைக்கு அடியில வேலைக்காரன் சண்டை

சிம்மாசனச் சண்டை மேல தெரியுற அலை மட்டும்தான். ஒரு சுரங்க ஊர்ல யாரு யாரை நம்பி இருக்கான்னு பாருங்க. தாது வெட்டுறவன், தண்ணி இறைக்கிறவன், உருக்குறவன், அடிச்சு உருவம் குடுக்குறவன், காசு அச்சடிக்கிறவன், எல்லாருக்கும் ஒருத்தன் மேல ஒருத்தனுக்குப் புகைச்சல். பேரும் புகழும் கொல்லனுக்கு, சாவு வெட்டுறவனுக்கு. அக்ரிகோலா ஒரு வரி எழுதியிருக்கார், கார்பாத்திய மலைச் சுரங்கப் பக்கம் ஏழு புருஷனைக் கட்டின பொம்பளைங்க இருக்காங்க, ஏழு பேரையும் நெஞ்சுக்குள்ள போன தூசி கொண்டு போயிடுச்சுன்னு. ஏழு! என் நாவலோட முக்கியக் கேரக்டரே அங்கேர்ந்துதான் வந்தா, கீழ்வீட்டுக் கிழவி, ஏழு புருஷனும் ஏழு வேற வேற மட்டத்துல செத்தவங்க, அதனால அவளுக்கு மலை முழுக்க மச்சான், நாத்தனார், கொழுந்தன். ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க இருக்குற ஒரே ஆள் அவதான், தூது அவதான் போக முடியும். தாடி வெச்ச போர்வீரனை ஹீரோவா வெச்சிருந்த எனக்கு இது பெரிய விடுதலை.

உண்மையிலேயே சுரங்க ஊரு உள்நாட்டுப் போருக்குள்ள மாட்டினா என்ன ஆகும்னு பாக்கணும்னா பொகிமியாவுல (இன்னைக்கு செக் நாடு) இருக்குற குட்னா ஹோராங்கிற ஊரைப் பாருங்க. 1300 வாக்குல ராஜா இரண்டாம் வென்செஸ்லாஸ் அங்க பிராக் குரோஷன் வெள்ளிக்காசு அடிக்க ஆரம்பிச்சார், சுரங்கத்துக்குன்னே தனி சட்டமும் போட்டார், பொகிமியாவோட கஜானாவே அந்த ஊருதான். 1419க்கு அப்புறம், கத்தோலிக்கச் சபையை எதிர்த்த யான் ஹுஸ்ஸோட ஆளுங்களான ஹுஸ்ஸைட்டுகளோட போர் வந்தப்ப, அந்த ஊரோட ஜெர்மன் பேசுற கத்தோலிக்கச் சுரங்கத் தொழிலாளிங்க, கையில சிக்கின ஹுஸ்ஸைட்டுகளை சுரங்கக் குழிக்குள்ள தூக்கிப் போட்டுக் கொன்னாங்க. ராஜா சிகிஸ்மண்ட் அவங்க பக்கம்தான் இருந்தார். ஆனா 1422 ஜனவரில பின்வாங்கிப் போறப்ப, எதிரி கைக்குப் போகக் கூடாதுன்னு அதே ஊரை அவரே கொளுத்திட்டுப் போனார். உங்களுக்காகக் கொலை பண்ணின ஊரையே கொளுத்திட்டுப் போற ராஜா. ஃபேன்டஸில இதை எழுதினா "ஓவர்"னு எடிட்டர் சொல்லுவார்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. குழில தள்ளுற மாதிரி சீனை சாகசமா எழுதாதீங்க. தள்ளினவன் மறுநாள் அதே குழில வேலைக்கு இறங்கணும், அந்த சீனை எழுதுங்க.

படி 6: சண்டை நடக்குற விதம்

குதிரைப்படை கிடையாது, அம்பு மழை கிடையாது, மைதானம் கிடையாது. ரெண்டு ஆள் தோளோட தோள் நிக்க முடியாத சந்துல ஆயிரம் பேர் படை இருந்தாலும் முன்னாடி நிக்கிறவன் ஒருத்தன்தான். துருக்கில டெரின்குயுங்கிற நிலத்தடி ஊரு சுமார் 85 மீட்டர் ஆழம், 50க்கு மேல காத்துக் குழாய், வழிய அடைக்க ஆட்டுக்கல்லு மாதிரி வட்டமான பெரிய கல்லு, உள்ள இருக்குறவன் மட்டும்தான் உருட்டித் திறக்கலாம். 1963ல ஒருத்தர் வீட்டு வேலை பாக்குறப்பதான் இது திரும்ப வெளிய தெரிஞ்சுது. கதவை மட்டும் அங்கேர்ந்து எடுத்துக்கோங்க, போதும்.

மண்ணுக்கு அடியில சண்டைன்னா கண்ணை விட காதுதான் முக்கியம். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினது இது: லிபியாப் பக்கம் பார்க்காங்கிற ஊரை பாரசீகப் படை முற்றுகை போட்டு சுவருக்கு அடியில சுரங்கம் தோண்டுது, ஊருக்குள்ள ஒரு கன்னார் வெண்கலம் வேய்ஞ்ச கேடயத்தைத் தரையில இடம் இடமா வெச்சுத் தட்டிப் பாக்குறான், எங்கயும் சத்தம் இல்ல, தோண்டுற இடத்துக்கு நேர் மேல வெச்சப்ப மட்டும் கணீர்னு கேக்குது. எதிர்ச்சுரங்கம் தோண்டி உள்ள இருந்தவங்களைக் கொன்னாங்க. போரை அன்னைக்கு ஜெயிச்சது ஒரு பாத்திரம் தட்டுறவன். குள்ளர் நாவலுக்கு இதை விட என்ன வேணும்?

1453ல கான்ஸ்டான்டிநோபிள்ல ரெண்டு பக்கமும் நிபுணர்களே மோதினாங்க, துருக்கிப் படைக்கு நோவோ ப்ர்தோ வெள்ளிச் சுரங்கத்துலேர்ந்து வந்த செர்பியத் தொழிலாளிங்க தோண்டினாங்க, உள்ள யோஹன்னஸ் கிராண்டுங்கிற எஞ்சினியர் ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சு எதிர்ச்சுரங்கம் போட்டு நெருப்பாலயும் தண்ணியாலயும் அழிச்சார். அதுக்கும் முன்னாடி, கிபி 256 வாக்குல சிரியாவுல டுரா யூரோபோஸ் கோட்டைக்கு அடியில, சசானியப் படை (பாரசீகப் படை) கந்தகத்தையும் நிலக்கீலையும் எரிச்ச புகையால ரோமானிய வீரர்களைக் கொன்னதா ஆய்வாளர்கள் சொல்றாங்க. சுரங்கத்துக்குள்ள சுமார் 20 ரோமானியர்களோட எலும்பு குவிஞ்சு கிடந்துச்சு. அந்த கந்தகத்தோட ரெண்டாவது படில சொன்ன காத்துத் திசையை சேத்துப் பாருங்க.

வாயுக்களையும் மறக்காதீங்க. மீத்தேன் காத்துல 5லேர்ந்து 15 சதவீதம் இருந்தாத்தான் வெடிக்கும், அதுக்குக் கம்மின்னா சும்மா இருக்கும், அதுக்கு மேலன்னாலும் வெடிக்காது. ஆனா அது நிலக்கரிச் சுரங்கத்துல அதிகம், வெள்ளி, செம்புச் சுரங்கத்துல அவ்வளவா கிடையாது, உங்க மலைல என்ன தாது இருக்குன்னு முடிவு பண்ணிட்டு வெடிக்க விடுங்க. கனமான கெட்ட காத்து பள்ளத்துல தேங்கும், விளக்கு மங்கி அவியும், உயரம் கம்மியா இருக்குறவன் முதல்ல விழுவான். ஆமா, குள்ளர்களுக்கு அது சொந்தப் பிரச்சினை.

மந்திரம் வேணுமான்னு கேப்பீங்க. கொஞ்சம் வெச்சுக்கோங்க. ஆனா சக்கரத்தை மந்திரத்தால சுத்த வெக்கிற மந்திரவாதி மட்டும் வந்துடக் கூடாது, வந்தா போருக்குக் காரணமே போயிடும். கோபால்ட்டுங்கிற உலோகத்தோட பேரே ஜெர்மன் சுரங்கக்காரங்க சொன்ன கோபோல்ட்ங்கிற குட்டிப் பிசாசுலேர்ந்து வந்தது, வெள்ளி மாதிரி ஆசை காட்டி உருக்கினா விஷப்புகைதான் விடும், பிசாசு வேலைன்னுட்டாங்க. என் கதையில மந்திரம் அந்த அளவுதான், ஆளுங்க நம்புறாங்க, நான் ஆமான்னும் சொல்லல இல்லைன்னும் சொல்லல.

படி 7: பேச்சு

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. தமிழ்ல எழுதறோம்ங்கிறதோட லாபமே இங்கதான். குள்ள ராஜா "அற்ப மானிடா, கேள்!"னு பேச ஆரம்பிச்சா டப்பிங் படம் பாக்குற மாதிரி ஆயிடும். உறவுமுறையைப் போட்டுப் பேச விடுங்க. மேல்வீட்டுத் தலைவன் கீழ்வீட்டுத் தலைவனுக்கு பெரியப்பா மகன், வயசுல மூத்தவன், போர்க்களத்துல நேருக்கு நேர் வந்தாலும் "அண்ணே"ன்னுதான் கூப்பிடணும். கிழவியை ரெண்டு பக்கத்துக்காரனும் "ஆத்தா"ன்னு கூப்பிடுறான். அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டே மடையை அடைக்கிறான் பாருங்க, அந்த ஒரு சொல்லு பண்ற வேலையை பத்து பக்க வசனம் பண்ணாது.

தொழில் சொல்லு நம்மகிட்ட கொட்டிக் கிடக்கு: துருத்தி, குறடு, சம்மட்டி, உளி, பட்டறை, உலைக்களம், மூசை (உலோகம் உருக்குற மண் குடுவை). உருக்கு இரும்பு நம்ம ஊரு சமாச்சாரம்தான், தென்னிந்திய உருக்கு மூசையில வெச்சு எடுத்து வெளிநாட்டுக்குப் போய் வாள் ஆனது, கொடுமணல் அகழாய்வுல இரும்பு உருக்குன உலைத் தடயமே கிடைச்சிருக்கு. பழமொழி, திட்டு எல்லாம் கல்லுலேர்ந்தும் உலையிலேர்ந்தும் செய்யுங்க. அவங்க ஊர்ல "விடிஞ்சா பாத்துக்கலாம்"னு யாரும் சொல்ல முடியாது, விடியறதே தெரியாது. "சக்கரம் சுத்தினா பாத்துக்கலாம்"னு சொல்லுவாங்க. நேரத்தை எப்படி அளக்குறாங்கன்னு நீங்க முடிவு பண்ணினா பாதி பழமொழி தானா வந்துடும்.

படி 8: எங்க ஆரம்பிச்சு எவ்ளோ நீட்டுறது

நூத்திப்பத்து வருஷத்தை எழுத முடியாது. நான் ஒரே ஒரு வருஷம் எடுத்துக்கிட்டேன், ஒரு கோடையிலேர்ந்து அடுத்த கோடை வரைக்கும், காத்து ரெண்டு தடவை திசை மாறும். ஆரம்பம் பழைய ராஜாவோட சாவு இல்ல, சாவு வீட்டுல யாரு முதல்ல கொள்ளி வைக்கிறதுங்கிற தகராறு. முன்கதை, ஆயிரம் வருஷ வரலாறு, தேவர்கள் மலையைப் படைச்சது, எல்லாத்தையும் தனி நோட்டுல எழுதிக்கோங்க, நாவல்ல வேண்டாம். என் பழைய டிராஃப்டோட முதல் 60 பக்கம் அதுதான், வெட்டினப்ப ஒருத்தரும் காணோம்னு கேக்கல.

பார்வைக் கோணம் மூணு பேருக்கு மேல போகாதீங்க, அதுல ஒருத்தராவது சக்கரத்துக்கிட்ட வேலை பாக்குற ஆளா இருக்கணும். படை எண்ணிக்கையை அடக்கி வாசிங்க. மலைக்குள்ள 20,000 பேர்னா ஆயுதம் தூக்குறவன் ஆயிரம் ரெண்டாயிரம், அதுக்கு மேல எடுத்தா இறைக்கவும் வெட்டவும் ஆள் இருக்காது, இது என் கைக்கணக்குதான். லட்சம் பேர் மோதினாங்கன்னு எழுதாதீங்க. நாப்பது பேர் செத்தா அந்த நாப்பது பேரோட வீடும் வாசகருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

படி 9: முடிவு

யாரு ஜெயிச்சாங்கிறதை விட சுரங்கம் என்ன ஆச்சுங்கிறது முக்கியம். ஸ்வீடன்ல ஃபாலுன் செம்புச் சுரங்கம், நூத்துக்கணக்கான வருஷமா ஆளாளுக்குத் தோண்டித் தோண்டி உள்ளே தேன்கூடாக்கி, 1687ல மொத்தமா உள்வாங்கிடுச்சு. அன்னைக்கு கோடைத் திருவிழா லீவுங்கிறதால உள்ள யாரும் இல்ல, உயிர்ச்சேதம் இல்லாமத் தப்பிச்சாங்க. போருல முட்டுக்கட்டை மரத்தையெல்லாம் ஆயுதத்துக்கும் விறகுக்கும் உருவிட்டா என்ன ஆகும்னு இதை வெச்சு யோசிங்க.

அதே ஃபாலுன்ல 1719ல ஒரு பழைய குழிக்குள்ள ஒரு பையனோட உடம்பு கிடைச்சுது. சுரங்கத் தண்ணில கரைஞ்சிருந்த தாது உப்பு அழுகாம வெச்சிருந்துச்சு, நேத்து செத்தவன் மாதிரி இருந்தான், யாருக்கும் அடையாளம் தெரியல. ஒரு கிழவி வந்து பாத்துட்டு இவன் என்னைக் கட்டிக்க இருந்தவன்னு சொன்னா. 1677ல காணாமப் போனவன். நாப்பத்திரெண்டு வருஷம், அவன் அப்படியே இருக்கான், அவளுக்கு தலை நரைச்சிடுச்சு.

இதைப் படிச்சப்புறம் நான் வெச்சிருந்த முடிசூட்டு விழா க்ளைமாக்ஸை எடுத்துட்டேன். இப்ப கடைசி அத்தியாயத்துல போர் முடிஞ்சு முப்பது வருஷம் ஆயிருக்கு, மூழ்கின மட்டத்துலேர்ந்து தண்ணி இறைக்கிறாங்க, கீழ ஒவ்வொரு மட்டமா உடம்பு தெரியுது, கிழவியோட கடைசிப் பேத்தி படிக்கட்டுல உக்காந்து ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக்கிட்டே வர்றா, மேல்வீடு கீழ்வீடுன்னு பிரிச்சு சொல்ல அவளுக்குத் தெரியல, முறை வெச்சுத்தான் சொல்றா.

ரெண்டாவது டிராஃப்டை அதே ஃப்ரெண்டுகிட்ட குடுத்திருக்கேன். பாதி படிச்சிட்டு நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் பண்ணினான். "டேய், அந்த சக்கரத்துக்கு மர அச்சுன்னு எழுதியிருக்கியே, அதுக்கு யாருடா எண்ணெய் போடுறா, எந்த வீட்டுக்காரன்?"

அதை நான் யோசிக்கவே இல்ல. இன்னைக்குக் காலையிலேர்ந்து நாலாவது அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக்கிட்டு இருக்கேன்.